ஜப்பான்காரியின் முடி

வடிவு ஈரத்துணியைப் பட்டுக்கட்டின் காகிதத்தில் ஒற்றி ஒற்றி எடுக்கிறாள். அவசரப்பட்டால் படம் கிழியும். பசை இளகியதும் ஒரு மூலையை நகத்தால் தூக்கி, தூங்கும் குழந்தையின் சட்டையைக் கழற்றுவதுபோல் மெல்ல உரிக்கிறாள். அதன் பிறகுதான் உள்ளே இருக்கும் நூல் சிட்டங்களைத் தொடுவாள்.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் நூல் சுற்றும் பெண்கள் பலர். ஜப்பான் கட்டுகளில் ஒட்டி வரும் படங்களைச் சேர்ப்பவள் இவள் ஒருத்திதான். புருஷன் பழனி தறியில் நெய்கிறான். எதிரே இவள் ராட்டை சுற்றுகிறாள். ராட்டைக்கு மேலே சுவரில், வந்த வரிசைப்படி படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண். எல்லாம் ஒரே பெண் என்பது வடிவின் தீர்மானம்.

முதல் படம் 1911-இல், இவள் கல்யாணமாகி வந்த வருஷம் கிடைத்தது. உச்சி வெளுத்த மலைக்கு முன்னால் ஒரு பெண். தரையில் புரளும் அங்கி, அகலமான இடைக்கச்சு, சீப்புகள் செருகிய கொண்டை. "முதுகுல தலகாணி கட்டிக்கினு எப்டிதான் படுப்பாளோ" என்று வடிவு இன்றும் கவலைப்படுகிறாள். 1919-இல் வந்ததில் அங்கிக்கு மேல் மடிப்புப் பாவாடை, தலையில் ரிப்பன், காலில் பூட்ஸ், கையில் புத்தகம். "கண்ணாலத்துக்கு அப்புறம் பள்ளிக்கூடத்துல சேத்துக்கிறாங்க. நல்ல ஊரு." 1925-இல் காதை மூடி அலையலையாக வாரிய முடி, கழுத்தைச் சுற்றி ஏதோ மிருகத்தின் ரோமத்தோல். "பூனையத் தூக்கிக்கினு எங்க போறா?"

இவர்களுக்கு நூல் கொடுக்கும் பட்டுக்கடையில் கணக்கெழுதியவன் நான். அவை வெவ்வேறு கம்பெனிகளின் முத்திரைகள் என்று எடுத்துச் சொன்னேன். வடிவு மறுக்கவில்லை. "கம்பெனி மாறும் ஐயா. மூஞ்சி அதே மூஞ்சிதானே?"

போன ஐப்பசியில் நான்காவது படம் வந்தது. மகள் தேவகியின் முகூர்த்தப் புடவைக்கென்று பழனி கேட்டு வாங்கிய கட்டு அது. முழங்கால் வரை கவுன், குதி உயர்ந்த ஜோடு, மணியைக் கவிழ்த்தது போன்ற தொப்பி. தொப்பிக்குக் கீழே கொண்டை இல்லை. முடி காதோடு நின்றிருந்தது. கழுத்தும் வெறுங்கழுத்து.

சின்னக் காஞ்சிபுரத்து வீடுகளில், புருஷன் செத்ததும் முடி எடுத்த பெண்களை வடிவு பார்த்திருக்கிறாள். துணியைக் கீழே வைத்தாள். "அறுத்துட்டாங்கய்யா இவளுக்கு."

அது அந்த ஊர் மோஸ்தர் என்று பழனி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அந்த நூல் தன் பெண்ணின் உடம்பில் படக்கூடாது என்றாள். கடையில் வேறு கட்டு இல்லை, கல்யாணமோ தையில். ராட்டை நின்றது, தறியும் நின்றது. புடவை எந்த மட்டில் இருக்கிறது என்று சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் வந்தபோது, நடக்கிறது என்று பழனி பொய் சொல்லி அனுப்பினான். தேவகி மட்டும் அம்மா இல்லாத நேரத்தில் அந்தக் கவுனைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

ஒரு காலை நான் போனபோது வடிவு படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, தொப்பி ஓரத்துல இது இன்னா?"

பூ என்றேன். சிவப்புப் பூதான், உதட்டிலும் அதே சிவப்பு.

"அறுத்தவ பூ வெப்பாளா?" என்று என்னைக் கேட்டவள், உள்ளே திரும்பினாள். "தேவகி அப்பா, இவ முடி காணிக்கை குடுத்திருக்காய்யா. இப்பதான் காதுமட்டும் வளந்துக்கினு இருக்குது. மண்டைல வெயில் படாம தொப்பி போட்டுக்கினு இருக்கா. தாலி கவுனுக்குள்ள இருக்கும்."

வெறும் தறியைத் துடைத்துக்கொண்டிருந்த பழனி, "திருப்பதிக்கா வந்தா?" என்றான்.

"இன்னாத்துக்கு அம்மாந்தூரம்? மொத படத்தப் பாரு. அவ வூட்டுக்குப் பின்னாலயே மலை இருக்குது."

பழனி சுவரைப் பார்த்தான். மலை இருந்தது.

வடிவு சோற்றுப் பசையால் படத்தை அதன் வரிசையில் ஒட்டினாள். ராட்டையில் உட்காருமுன் மஞ்சளைக் குழைத்து, கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல் படத்தின் நான்கு மூலைகளிலும் வைத்தாள்.