இசக்கித்துரையின் இருபத்தைந்து வாட்ஸ்

இசக்கித்துரை அண்ணாச்சி என் கடைக்குள் முதல்முறை நுழைந்தபோது எலுமிச்சை வாடையும் கூடவே நுழைந்தது. புளியங்குடி மார்க்கெட்டிலிருந்து குட்டியானை வேனில் மூட்டை ஏற்றிப்போகிற டிரைவர் அவர். நாற்பத்தாறு வயது. பத்தாம் வகுப்பில் ஃபெயில்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று நாள் முழுக்க அடுத்தவர்களின் விவரங்களைத் தட்டுவதுதான் வேலை. என்னுடைய முதல் பட்டதாரிச் சான்றை லேமினேட் செய்து பிரிண்டருக்கு மேலே மாட்டியிருக்கிறேன். பனவடலிசத்திரம் பக்கத்து ஊரில், கையெழுத்தைத் தாண்டி எதையும் எழுதாத குடும்பத்தில், எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர் நான். மாட்டி வைப்பதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

அண்ணாச்சி அதை அண்ணாந்து படித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"மக்கா, நீ ரேடியோ படிப்பா படிச்சிருக்க?"

"அதுவும் உண்டு அண்ணாச்சி. என்ன வேணும்?"

"அமெச்சூர் ரேடியோன்னு ஒண்ணு இருக்குலா. பரிட்ச எழுதி லைசென்ஸ் எடுத்தா நாமளே செட் வச்சுப் பேசலாமாம். ஃபார்ம் போட்டுத் தா."

ஏன் என்று கேட்டேன். வெள்ளம் வந்த அந்த டிசம்பரில் ஏரல் பக்கம் சரக்கு இறக்கப் போனவர், வண்டியைத் தண்ணீரில் விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூட மாடியில் இரண்டு நாள் கிடந்திருக்கிறார். செல்போன் டவர் எதுவும் வேலை செய்யவில்லை. இங்கே அவர் மனைவி மாடத்தி அக்கா ஆஸ்பத்திரி பிணவறையில் விசாரிக்கச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் காலையில் படகில் வந்த ஒருவர் கையில் வயர்லெஸ் செட் இருந்தது. மாடியில் இருந்த ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு அதில் வாசித்தார். மத்தியானத்துக்குள் மாடத்தி அக்காவுக்குச் சேதி வந்துவிட்டது.

"'இசக்கித்துரை, சங்கரன்கோவில், உயிரோட இருக்காரு.' அப்படி வாசிச்சாரு பாத்துக்கோ. நானும் ஒரு நாளைக்கு ஒருத்தன் பேர அப்படி வாசிக்கணும்."

ஃபார்ம் போட்டேன். பாடம் ஆங்கிலத்தில் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழில் சொல்லிக்கொடுத்தேன். திருவனந்தபுரம் போய்ப் பரீட்சை எழுதி, முதல் தடவையிலேயே தேறிவிட்டார். அதற்குப் பிறகுதான் போலீஸ் விசாரணை. வீட்டுக்கு வந்த ஏட்டையா, "வாக்கி டாக்கியா? உனக்கு எதுக்குய்யா அது? எலுமிச்சம்பழம் பேசப் போகுதா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். லைசென்ஸ் கைக்கு வரப் பதினொரு மாதம் ஆயிற்று. வேன் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அவரைக் கண்டதும், "என்னவே, ஏரோப்ளேன் எப்ப கிளம்புது?" என்பது வழக்கமாகிவிட்டது.

அடுத்தது, எந்த செட் வாங்குவது என்ற கேள்வி. என் கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு பேரும் நாலு சாயங்காலம் உட்கார்ந்தோம். மூவாயிரத்துக்குக் கையில் பிடிக்கிற செட் இருந்தது. இரும்புக் கேபினுக்குள் உட்கார்ந்து அதில் பேசினால் சத்தம் கண்ணாடியைத் தாண்டாது. முப்பதாயிரத்துக்கு மேலே ஜப்பான் செட், ஐம்பது வாட்ஸ். நடுவில், பதினோராயிரத்துக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு சைனா செட், இருபத்தைந்து வாட்ஸ், வண்டியில் மாட்டுவதற்கென்றே செய்தது.

"வாட்ஸ் ரெட்டிப்பானா தூரம் ரெட்டிப்பாகாது அண்ணாச்சி," என்றேன். அது நான் படித்த படிப்பு.

"அப்பம் மிச்சத் துட்ட ஏரியல்ல போடுவோம். ஏரியல் நல்லா இருந்தா போதும்னு நீதானல சொல்லிக்குடுத்த?"

சைனா செட்டே வாங்கினார். நல்ல கேபிள், கேபின் கூரையின் நட்டநடுவே ஏரியல். கரண்டைப் போன் சார்ஜர் போடுகிற இடத்திலிருந்து எடுக்காமல், பேட்டரியிலிருந்து நேராக, ஃபியூஸ் வைத்து இழுத்தார். வாசுதேவநல்லூர் குளத்தங்கரையில் நிறுத்திச் சோதித்தோம். மலைமேல் ஒரு ரேடியோ கழகத்தின் ரிப்பீட்டர் இருக்கிறது. நாம் பேசுவதை வாங்கி உரக்கத் திருப்பி அனுப்புகிற பெட்டி. மைக்கை அமுக்கியதும் அது பதில் கொடுத்தது. அண்ணாச்சி மைக்கை நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அந்தக் கழகத்தார் தினமும் காலை ஆறரைக்கு ரேடியோவில் கூடுவார்கள். திருநெல்வேலியிலிருந்து காந்திமதிநாதன் என்பவர் நடத்துவார். ஓய்வுபெற்ற அரசு அதிகாரி, எல்லோருக்கும் 'சார்'. ஒவ்வொருவராக, லைசென்ஸில் தந்த அழைப்புக்குறி, பெயர், ஊர் சொல்ல வேண்டும். குரல் எவ்வளவு தெளிவாக வருகிறது என்று அவர் ஐந்துக்கு இத்தனை என மதிப்பெண் தருவார். அதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு: என்ன செட்?

கேட்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம்தான். ஆனால் அங்கே கேட்ட விதம் எனக்குப் பழக்கமானது. ஊருக்குள் புதிதாக வருகிறவனிடம் 'எந்தத் தெருப்பா?' என்று கேட்பார்களே, அதே விதம்.

அண்ணாச்சி செட்டின் பெயரைச் சொன்னார். கொஞ்சம் இடைவெளி விழுந்தது.

"சைனாவா... ஓகே. உங்க ஆடியோ கரகரன்னு வருது. அஞ்சுக்கு மூணு. பிகினர்ஸ் இந்த மாதிரி செட் வாங்குறதத் தவிர்க்கணும். அடுத்த ஸ்டேஷன்."

மூன்று மாதம் அதே மூன்றுதான். சில நாள் இரண்டரை. அண்ணாச்சி கேபிளை மாற்றினார், மைக்கை ஓர் அடி தள்ளிப் பிடித்தார், ஒரு தரம் வண்டியை ஆஃப் பண்ணி இறங்கி நின்றும் பேசிப் பார்த்தார். ரிப்பீட்டரில் பேசுவதை இணையத்தில் யாரும் கேட்கலாம் என்பதால் நான் கடையில் கேட்டுப் பதிவும் செய்தேன். கரகரப்பு எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

செப்டம்பரில் கழகத்தார் மழைக்காலப் பட்டியல் போடுவார்கள். வெள்ளம் வந்தால் எந்த ஊருக்கு யாரை அழைப்பது என்ற பட்டியல். சங்கரன்கோவில், புளியங்குடி வட்டாரத்துக்கு ஆளே இல்லை. அண்ணாச்சி பெயர் கொடுத்தார்.

"ஆர்வத்துக்கு நன்றி," என்றார் காந்திமதிநாதன் சார். "அவசரத்துக்கு நம்பகமான ஸ்டேஷன் வேணும். சிக்னல் அஞ்சு வரட்டும், பாக்கலாம்."

அன்று மத்தியானம் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"என்ன செய்யுததுன்னே தெரியல மக்கா. இன்னும் என்னத்த மாத்த?"

"செட்டோட பேர மாத்துங்க."

"என்னது?"

"நாளைக்குக் கேட்டா ஜப்பான் செட் வாங்கிட்டேன்னு சொல்லுங்க. அம்பது வாட்ஸுன்னு."

"பொய் சொல்லச் சொல்லுதியா?"

நான் அவருக்கு ஒன்றைச் சொன்னேன். காலேஜில் முதல் வாரம் எந்த ஸ்கூல் என்று கேட்டார்கள். ஊர் அரசுப் பள்ளியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தவரை என் ஆங்கிலம் தப்பும் தவறுமாக இருந்தது. ஹாஸ்டல் மாறிய பிறகு திருநெல்வேலியில் ஒரு பெரிய பள்ளியின் பெயரைச் சொன்னேன். அந்த மாதமே ஒருவன் என்னிடம் வந்து, "உன் இங்கிலீஷ் ஃப்ளோ நல்லாருக்குடா" என்றான். ஒரு வார்த்தைகூட நான் புதிதாகப் படித்திருக்கவில்லை.

 அண்ணாச்சி ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

மறுநாள் காலை நான் அவர் பக்கத்தில் வண்டியில் இருந்தேன். ஜப்பான் செட்டின் பெயரைச் சொல்லும்போது அவர் காது சிவந்தது.

"அடடே! வித்தியாசம் தெரியுதே!" என்றார் காந்திமதிநாதன் சார். "ரூமுக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி இருக்கு. ஃபுல் ஃபைவ். வாழ்த்துகள் இசக்கித்துரை."

அவர் பெயரை அந்த மனிதர் சொன்னது அதுதான் முதல் தடவை. கடைக்குப் போய் முந்தின நாள் பதிவையும் அன்றைய பதிவையும் ஹெட்ஃபோனில் மாற்றி மாற்றிக் கேட்டேன். அதே குரல், அதே செட், அதே ஏரியல். காந்திமதிநாதன் சார் பொய் சொன்னார் என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கும்.

இரண்டு வாரத்தில் பட்டியல் வந்தது. சங்கரன்கோவில், புளியங்குடி: இசக்கித்துரை. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மாடத்தி அக்கா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார். நான் எனக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன். அதையும் மறைப்பதற்கில்லை.

பிறகு காந்திமதிநாதன் சார் புதியவர்களுக்கு அண்ணாச்சியை உதாரணம் காட்ட ஆரம்பித்தார். "சங்கரன்கோவில் ஸ்டேஷனைப் பாருங்க. ஒரு டிரைவர். ஆனா நல்ல செட் வாங்கினாரு, எப்படி வருதாரு! விலையப் பாக்காதீங்க."

இதைக் கேட்டு ஒருவன் அண்ணாச்சியைத் தேடி என் கடைக்கே வந்துவிட்டான். புளியங்குடியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அல் அமீன். கல்யாணமாகி ஒரு வருஷம். லைசென்ஸ் புதிதாகக் கையில் வந்திருந்தது. அண்ணாச்சியும் அப்போது கடையில்தான் இருந்தார்.

"அண்ணாச்சி, எங்கிட்ட ஒரு பழைய ஆம்னி வேன் கெடக்கு. அதுல மாட்டணும். நீங்க வச்சிருக்க அதே ஜப்பான் செட்டு எடுக்கலாம்னு இருக்கேன்."

"அம்புட்டுத் துட்டுக்கு எங்கன போவ?"

"எம் பொண்டாட்டி ஃபஹீமா வளையல் ரெண்டக் கழட்டிக் குடுத்துட்டா. நாளைக்கு நகைக் கடையில போடுதேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரைப் பார்த்தேன்.

"வாலே இங்கன," என்று அவனைத் தோளில் பிடித்து வெளியே கூட்டிப்போனார். வண்டிக் கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்குக் கீழே காட்டினார். அல் அமீன் குனிந்து சைனா எழுத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"இது பழசா அண்ணாச்சி? புதுசு எங்கன?"

"இதான் புதுசு. இதான் பழசு. பதினோராயிரம். இதுலதான் அவுகளுக்கு ஃபுல் ஃபைவ் கேக்குது. அந்தப் பிள்ளைட்ட வளையலத் திருப்பிக் குடு."

அத்தோடு விட்டிருக்கலாம். நானும் அதைத்தான் சொன்னேன். இவன் ஒருத்தனுக்கு உண்மை தெரிந்தால் போதுமே, பட்டியலில் இருக்கும் பெயரை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

"நாளைக்கு இன்னொருத்தன் பொண்டாட்டி கம்மலக் கழட்டுவா," என்றார். "அதுக்கு நான் சாட்சியா இருக்க முடியாதுலா மக்கா."

மறுநாள் ஆறரைக்கு, நானும் வண்டியில் பக்கத்தில் இருக்க, தன் முறை வந்ததும் நிதானமாகச் சொன்னார்: "சார், நான் சொன்னது பொய். புது செட்டு எதுவும் வாங்கல. ஒரு மாசமா பேசுதது அதே சைனா செட்டு, இருபத்தஞ்சு வாட்ஸ். புதுசா வாரவங்க இத நம்பி வாங்கலாம். மன்னிச்சிருங்க."

முப்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவராவது கேட்டிருக்கலாம், அப்படியானால் மூன்று எப்படி ஐந்தாயிற்று என்று. யாரும் கேட்கவில்லை.

"நேர்மையாச் சொன்னதுக்கு நன்றி," என்றார் காந்திமதிநாதன் சார். "ஆனா தவறான தகவல் குடுக்கற ஸ்டேஷன அவசரத்துக்கு எப்படி நம்புறது? பட்டியல மாத்த வேண்டியிருக்கும். இப்பவும் பாருங்க, கரகரங்குது. அஞ்சுக்கு மூணு. அடுத்த ஸ்டேஷன்."

அண்ணாச்சி மைக்கைக் கொக்கியில் மாட்டினார். "சரியாத்தான் சொல்லுதாரு. பொய் சொன்னது நான்தானே," என்றார். அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, இதுவரைக்கும் சொன்னதில்லை.

பத்து நாள் கழித்து அல் அமீன் ஆம்னியோடு வேன் ஸ்டாண்டுக்கு வந்தான். பின் சீட்டில் ஓர் அட்டைப்பெட்டி. ஜப்பான் செட்.

"ஏலே, நான் அம்புட்டுச் சொல்லியும்?" என்றார் அண்ணாச்சி.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க சொன்னது சரிதான் அண்ணாச்சி. ஆனா என்ன செட்டுன்னு கேக்கும்போது உண்மையச் சொல்லணும்லா."

அண்ணாச்சி அட்டைப்பெட்டியை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வண்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்தார். அவனுக்கும் கூரையின் நட்டநடுவே ஏரியல் வைத்து, பேட்டரியிலிருந்து நேராக, ஃபியூஸ் போட்டு இழுத்துக் கொடுத்தார். "சார்ஜர் போடுத எடத்துல சொருகிராத, ஃபியூஸ் போயிரும்," என்று இரண்டு தரம் சொன்னார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் நானும் அவருமாகக் குட்டியானையில் இருந்தோம். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. திருநெல்வேலியிலிருந்து காந்திமதிநாதன் சார் பட்டியலை வாசித்தார். ஒவ்வோர் ஊராகப் பதில் வந்தது.

"சங்கரன்கோவில், புளியங்குடி. அல் அமீன்."

"இருக்கேன் சார்."

"ஃபுல் ஃபைவ்."

அண்ணாச்சியின் கை மைக்கின் பக்கம் போகவில்லை. சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினார்.

"தெளிவா கேக்குதுல்லா மக்கா?"

"கேக்குது அண்ணாச்சி."

"நம்ம சைனா செட்டுலதான் கேக்குது," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.