புதுமுகங்களுக்கு மேடை போட்டேன்

கலை மன்றச் செயலாளர் என்றால், கையில் மாலையும் முகத்தில் சிரிப்பும் வயிற்றில் கலக்கமுமாக மேடை ஓரத்தில் நிற்கிறவன் என்று அர்த்தம். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் திருவண்ணாமலையில் நான் அப்படி நின்றேன். பிழைப்புக்கு உரக்கடை. மீதி நேரமெல்லாம் மன்றம். பெரிய வித்வான்கள் வந்து பாடிவிட்டுப் போக ஊரில் இடம் உண்டு. உள்ளூர்ப் பிள்ளைகள் எங்கே பாடுவார்கள், எங்கே ஆடுவார்கள்? அதற்காகத்தான் நாலு பேர் சேர்ந்து மன்றம் ஆரம்பித்தோம். அரிசி மில் முதலாளி ஒருவரைத் தலைவராகப் போட்டோம். இதுவரை மேடை ஏறாதவர்களுக்குத்தான் எங்கள் மேடை என்று முடிவு செய்தோம்.

உங்களில் யாராவது இப்படி ஒரு மன்றத்திலோ சபாவிலோ மாட்டிக்கொண்டு முழித்திருந்தால், கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். நான் சொல்வது உங்களுக்குத்தான் புரியும். மற்றவர்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. கூடவே நின்று பார்த்த எனக்கே பல சமயம் நம்ப முடியவில்லை.

கை மாறிய தட்டு

எங்கள் முதல் புதுமுகம் கீழ்பென்னாத்தூர் மல்லிகா. வேர்க்கடலை போட்டுப் பிழைக்கிற குடும்பம். பஜனையில் கணீரென்று பாடுவாள், மேடை என்றால் நடுங்குவாள். அவள் அப்பா முன்னாடியே சொல்லிவிட்டார்: "ஒரு தரம் பாப்பேன் சார். எதுனா ஏடாகூடமாச்சினா இதோட சரி." அவருக்குப் பயந்து, கௌரவமான இடமாக இருக்கட்டும் என்று ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தேன். சாயங்காலம் போனால் வாசலில் வாழைமரம் கட்டியிருக்கிறது. காலையில் முடிந்திருக்க வேண்டிய ஒரு நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை வீட்டு வேன் வழியில் நின்றுபோனதால் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையாம். "அவங்க வர்ற வரைக்கும் நீங்க பாடிக்குங்க, ஒரே மேடைதானே" என்று மண்டபக்காரர் சர்வசாதாரணமாகச் சொன்னார்.

மல்லிகா பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக உட்கார்ந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் தனியாக பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். அவர் வெளியூர்க்காரர், பெண்ணை அதுவரை பார்த்ததில்லை. பாட்டைக் கேட்டு உருகிப் போனார். 'பொண்ணோட அப்பா எங்க?' என்று யாரையோ கேட்க, அவர்கள் முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்த மல்லிகாவின் அப்பாவைக் காட்டிவிட்டார்கள். பெரியப்பா கையோடு கொண்டுவந்திருந்த தாம்பூலத் தட்டை அவரிடம் நீட்டினார். மல்லிகாவின் அப்பா அதை மன்றத்தின் மரியாதை என்று நினைத்து, எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். யாரோ ஒரு ரசிகர் மரியாதை செய்கிறார் என்று நினைத்து நானும் கைதட்டினேன்.

அடுத்த நிமிஷம் வேன் வந்தது. உள்ளறையிலிருந்து நிஜமான கல்யாணப் பெண்ணும் அவள் அப்பாவும் வெளியே வந்தார்கள். மல்லிகாவின் அப்பா தட்டைக் கீழே வைக்கவும் தெரியாமல் பிடித்துக்கொள்ளவும் தெரியாமல் நிற்கிறார். நல்லவேளை, மல்லிகா கண்ணைத் திறக்கவே இல்லை. அவள் பாடுகிறவரை யாருக்கும் சத்தம் போட மனசு வரவில்லை. பாட்டு முடிவதற்குள் தட்டு சேரவேண்டிய கைக்குப் போய்விட்டது. நிச்சயதார்த்தம் முடிந்தபிறகு இரண்டு கூட்டமும் உட்கார்ந்து மீதிக் கச்சேரியைக் கேட்டது. மல்லிகாவின் அப்பா அப்புறமும் அவளைப் பாட விட்டார். பெரியப்பா மட்டும் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்: "பொண்ணு பாடுமானு கேக்கச் சொன்னதே நான்தாங்க. மேடையில ஒரு பொண்ணு பாடிக்கினு இருந்தா, நான் வேற என்னனு நெனைப்பேன்?"

மலைக்கு முன்னால் கற்பூரம்

வேலு கடைகளுக்கு போர்டு எழுதுகிறவன். வேலை முடிந்த நேரத்தில் அவன் வரைந்து வைத்திருந்த படங்களைப் பார்த்து அசந்து போய், ஒரு பள்ளிக்கூட ஹாலில் கண்காட்சி வைத்தோம். அதைத் தீபத் திருவிழா சமயத்தில் வைக்கலாம் என்று சொன்னது நான்தான். ஊரில் கூட்டம் நெரியும், நாலு பேர் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். ஹாலின் கோடியில், ஒரு சுவர் அகலத்துக்கு, துணியில் ஆயில் பெயின்ட்டில் வரைந்த மலை. மழைவிட்ட சாயங்காலத்தில் மலை எப்படிச் சிவந்து நிற்குமோ அப்படியே இருக்கும். அதற்காக மாசக்கணக்கில் உழைத்திருந்தான்.

கூட்டம் வந்தது. முதலில் வந்த ஒரு குடும்பம் வாசலிலேயே செருப்பைக் கழற்றியது. அதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். மற்ற படங்களை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக மலைக்கு முன்னால் போய் நின்று 'அண்ணாமலையாருக்கு அரோகரா' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வேலுவுக்கு ஒரே பூரிப்பு. நான் தண்ணீர் குடிக்க வெளியே போய்த் திரும்பினால், படத்துக்குக் கீழே மேஜையில் கற்பூரம் எரிகிறது, துணியின் மூலையில் தீ ஏறுகிறது! தோளில் இருந்த துண்டை உருவி, படத்தின் மேல் படார் படார் என்று அடித்து அணைத்தேன். கீழ் மூலை மட்டும் கருகிப்போனது. (அந்தக் கருகலை வேலு அப்புறம் ஒரு பாறையாக மாற்றிவிட்டான்.) அவனுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று நான் திரும்பினேன். அதற்குள் கற்பூரம் ஏற்றிய அம்மாள் ஹாலே அதிரும்படி கத்தினாள்: "அய்யய்யோ, அண்ணாமலையாரையே துண்டால அடிக்கறானே பாவி!"

தலைவர் பேசினார்

சேகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஹோட்டலில் கல்லாவில் உட்காருவான். பல குரலில் பேசுவான். சினிமா நடிகர்கள், ரேடியோ செய்தி, ரயில், ஆட்டுக்குட்டி எல்லாம் பேசிக் காட்டினான். அரங்கம் சிரித்து ஓய்ந்தது. முன்வரிசையில் எங்கள் தலைவரும் அவர் மனைவியும் நானும். "அடுத்ததா, நம்ம ஊர் பெரிய மனுஷர் ஒருத்தர் வீட்டுக்கு போன் பேசறாரு" என்றான் சேகர். ஒத்திகையில் இது கிடையாது. தொண்டையைச் செருமினான். அந்தச் செருமலிலேயே யாரென்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

"ஆங், நான்தான்... மில்லுலதான் இருக்கறேன்... கேவுரு கஞ்சிதான் குடிச்சேன்... சர்க்கரையா? தொட்டதே இல்ல... சத்தமா? அது மிஷின் ஓடுது." உடனே வாயைத் திருப்பி, குரலைத் தாழ்த்தி, "யப்பா, இன்னும் ரெண்டு ஜாங்கிரி வை, ஜீரா ஜாஸ்தியா ஊத்து!" வீட்டுக்குக் கேட்கக்கூடாத விஷயமென்றால் தலைவர் சேகரின் ஹோட்டல் போனிலிருந்துதான் பேசுவார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. தலைவரின் கை என் தொடையை இறுக்கிப் பிடித்திருக்கிறது. மன்றத்துக்கு இன்றோடு மூடுவிழா என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அவர் எழுந்து போகவில்லை, தலைவர் பதவியையும் விடவில்லை. அந்த ஹோட்டல் பக்கம் போவதைத்தான் விட்டார். நிகழ்ச்சி முடிந்ததும் சேகரைப் பாராட்டியே ஆகவேண்டும் என்று மேடை ஓரத்துக்கு வந்தது அவர் மனைவி. மைக் பக்கத்தில் இருப்பது தெரியாமல் என்னிடம் சொன்னார்: "குரலு மட்டும் இல்ல தம்பி, பொய்யும் அப்படியே அவரு சொல்றதுதான்!"

ஏழுமலையின் பதில்

சிரிக்க முடியாத அதிர்ச்சி ஒன்றும் உண்டு. ஏழுமலை காலேஜில் படித்துக்கொண்டிருந்த பையன். ஊருக்கு வெளியே காலனியில் வீடு. அப்பா, சித்தப்பா எல்லாரும் பறை அடிக்கிறவர்கள். இவன் கூடப் படிக்கிற நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, சாவுக்கு அடிக்கிற அடியை விட்டுவிட்டு, கேட்டால் கால் தானாக ஆடுகிற அடிகளாகக் கோத்து ஒரு மணி நேர நிகழ்ச்சி தயார் செய்திருந்தான். ஒத்திகையைக் கேட்டுவிட்டு, மல்லிகா பாடின அதே மண்டபக்காரரிடம் ஓடினேன். "என்ன வெளயாடறீங்களா? சாவு மேளத்த இங்க அடிச்சா, அப்புறம் எவன் கல்யாணத்துக்கு வருவான்?" என்று கதவைச் சாத்தாத குறையாக அனுப்பினார். மன்றக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, கலை கலை என்று மூச்சுக்கு மூச்சு பேசுகிறவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். அது எனக்கு மண்டபக்காரர் சொன்னதைவிடப் பெரிய அடி.

கடைசியில் சந்தை மைதானத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேடையாக்கினோம். தலைவர் மட்டும் வந்து முன்னால் உட்கார்ந்தார். முதல் அடி விழுந்ததும் சந்தைக்கு வந்த சனம் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றது. கடைசிவரை யாரும் நகரவில்லை. மண்டபக்காரரும் தூரத்தில், சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கேட்டார். நான் பார்த்தேன்.

சில மாசம் கழித்து மண்டபக்காரரின் அப்பா காலமாகிவிட்டார். துக்கம் கேட்கப் போன என்னைக் கூட்டத்திலிருந்து இழுத்துப்போய், "அந்த காலேஜ் பையன் பிரமாதமா அடிச்சானே, அவன் செட்டயே வரச் சொல்லுங்க" என்றார். துக்க வீட்டில் சண்டையா போட முடியும்? போய் ஏழுமலையிடம் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மரியாதையாக எழுந்து நின்று சொன்னான்: "சாவுக்கு வரமாட்டோம் சார். மண்டபத்துல கச்சேரி வெச்சா சொல்லச் சொல்லுங்க, வர்றோம்."

கிணறு யாருக்கு?

தனபால் அடி அண்ணாமலையில் குடியிருந்த பள்ளிக்கூட வாத்தியார். அவர் எழுதிய முதல் நாடகத்துக்கு மேடை கேட்டு வந்தார். ஒரே கிணற்றில் பங்குள்ள அண்ணன் தம்பி சண்டை, பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு வீடு. படித்ததும் எனக்குக் கண் கலங்கியது. சந்தை மைதானத்திலேயே போட்டோம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து என் கடைக்கு உரம் வாங்க வருகிற அண்ணன் தம்பி இரண்டு பேர் உண்டு. அவர்களுக்கும் ஒரே கிணறுதான், வருஷக்கணக்காகப் பேச்சில்லை. ஒருவர் கடைக்குள் இருந்தால் இன்னொருவர் எதிர்ச்சாரியில் நிற்பார். அன்றைக்கு இரண்டு பேரும் நாடகம் பார்க்க வந்து, ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். தனபாலுக்கு அவர்களை யாரென்றே தெரியாது.

மேடையில், தம்பி தண்ணீர் பாய்ச்சுகிற முறையன்று அண்ணன் போய் மோட்டார் ஃபியூஸைப் பிடுங்குகிற காட்சி. கூட்டத்தில் இருந்த நிஜத் தம்பி, "இதேதான்! இதேதான் எனக்குப் பண்ணான்!" என்று எழுந்தார். அந்தக் கோடியிலிருந்து அண்ணன் ஒரே ஓட்டமாக வந்து மேடை ஏறினார். பின்னாலேயே தம்பி. நடிகர்கள் ஒதுங்கிவிட்டார்கள். "நான் புடுங்கினத நீ பாத்தியாடா?" "பின்ன, ஃபியூஸ் தானா எறங்கி நடந்து போச்சா?" "பயிரு காயுதுனு ஒரு வார்த்த எங்கிட்ட சொன்னியா? சொல்லியிருந்தா நான் ஏன் புடுங்கறேன்?" "நீ மூஞ்சி குடுத்தாதானே சொல்றதுக்கு!" வருஷக்கணக்காகப் பேசாதவர்கள் பேசினார்கள், அதுவும் மைக்கில். கைகலப்பு ஆகிவிடுமோ என்று நான் மேடைப் பக்கம் ஓடுகிறேன். கூட்டமோ இதையும் நாடகம் என்று நினைத்து விசிலடித்துக் கைதட்டுகிறது. அந்தக் கைதட்டலில்தான் இரண்டு பேருக்கும் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு ஆளுக்கொரு பக்கமாக இறங்கிப் போனார்கள். படுதாவை இழுத்து மூடினோம். தனபால் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார்.

கொஞ்ச நாள் கழித்து, வெயில் ஏறுகிற நேரம், கடை வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. மிதித்து வந்தவர் தம்பி. பின்னால் கேரியரில் அண்ணன். நான் யூரியா மூட்டையைப் பிடித்துக்கொண்டேன். உரம் வேண்டாமாம், நாடகம் எழுதின வாத்தியார் வீடு எங்கே என்று தெரிய வேண்டுமாம். அடிக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்து, "எதுக்குங்க?" என்றேன். அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார். பிறகு அண்ணன்தான் கூச்சத்தோடு கேட்டார்: "நாங்க நடுவுல ஏறிட்டதால முடிவு பாக்கலீங்க. கடைசியில கெணறு யாருக்குனு எழுதியிருக்காரு?"

புதுமுகங்களை மேடை ஏற்றுவது ஒன்றும் பெரிய காரியமில்லை, கீழே உட்கார்ந்திருக்கிறவர்களைக் கடைசிவரை கீழேயே உட்கார வைப்பதில்தான் ஒரு செயலாளரின் ஆயுசு குறைகிறது.