இருக்கவே இருக்கிறாள் ரோஷன் பேகம்

‘இருக்கவே இருக்கு’ என்பதற்கு அகராதிக்காரர்கள் என்ன பொருள் எழுதியிருக்கிறார்களோ தெரியாது. காரைக்காலில் ரோஷன் பேகம் குடியிருக்கும் தெருவில் அதற்கு ஒரே பொருள்தான்: ரோஷன் பேகம். கல்யாணமா, சுன்னத்தா, பிள்ளைக்குப் பேர் வைப்பா, வீடு வீடாகப் போய்ப் பெண்களை விருந்துக்கு அழைக்க யாரும் ஆள் தேடி அலைவதில்லை. அக்காவை ‘ராத்தா’ என்று கூப்பிடும் தெரு அது. “அதுக்கென்ன, ராத்தா இருக்கவே இருக்காங்க!” துபாய்க் காசில் மாடி மேல் மாடி எழுப்பியவர்களும் இந்தச் செலவில்லாத வசதியை மட்டும் விடவில்லை.

அவளும் சளைத்தவளல்ல. பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது அழைப்பாகாது, வாசலில் வந்து வாயால் சொல்ல வேண்டும் என்பது தெருச் சட்டம். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, முட்டிவலியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு, முதலில் மாமியாருக்கு, பிறகு மருமகளுக்கு என்று வரிசை பிசகாமல் சொல்லிவிட்டு வருவாள். அவள் வாசலுக்கு மட்டும் யாரும் வந்து சொன்னதில்லை. ஊருக்கெல்லாம் சொல்கிறவளுக்குத் தனியாக என்ன சொல்வது? ஒவ்வொரு விருந்திலும் முதல் கவளத்தோடு அந்த நினைப்பும் வரும். தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளிவிடுவாள்.

அதே தெருவில் இருக்கும் சுஹைனாவின் மகள் கல்யாணத்துக்கும் அவள்தான் சொல்லப் போனாள். கடைசி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த தஹ்ஸீன், விவரம் தெரியாமல் கேட்டுவிட்டாள்.

“ஒங்கள யாரு ராத்தா வந்து அழைச்சா?”

ரோஷன் பேகம் வீட்டுக்கு வந்து துப்பட்டியை மடித்து வைத்தாள். யாராவது வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் போகலாம் என்று உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் வரவில்லை. கல்யாணத்தன்று பிரியாணி வாசனை மட்டும் ஜன்னல் வழியாக வந்தது. அதற்குப் பின்னால் போன் வந்தது. சுஹைனாதான்.

“எங்க ராத்தா இருக்கீங்க? ஒரு வீட்டுக்குச் சொல்ல விட்டுப்போச்சாம். கோவிச்சுக்காம நீங்களே போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க.”

“யாரு வீட்டுக்கு?”

“ஒங்க வீட்டுக்குத்தான்!” என்று சுஹைனா சிரித்தாள்.

ரோஷன் பேகத்துக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சொல்லிட்டேன் புள்ள. போன்ல சொன்னா வரமாட்டாங்களாம். வாசல்ல வந்து சொல்லணுமாம்.”

“ஐயோ, இந்த நேரத்துல நான் யார அனுப்புவேன் ராத்தா?”

“அதுக்கென்ன, நீ இருக்கவே இருக்கியே!”