முகம் காட்டும் ரேடியோ

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் இருக்கும். பாடாலூர்ச் சந்தையில் காக்கி நிஜார் போட்ட ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் ஒயர்லெஸ் வேலை பார்த்தவராம். லண்டனில் ரேடியோ மாதிரி ஒரு பெட்டியில், எங்கோ இருப்பவர்களின் முகம் தெரிகிறது என்றார். பேசும்போதெல்லாம் வெறும் காற்றில் குமிழைத் திருகுவார். ஆள் புளுகன் என்று முடிவு கட்டினேன்.

என் அக்கா நம்பினாள். பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பாத தன் புருஷனின் போட்டோவைச் சுருக்குப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"இவரு அதுல தெரிவாராங்க?"

போட்டோவை வாங்கிக்கொண்டு, ஆளைக் காட்டக் காசு கேட்பான் என்று காத்திருந்தேன். அவர் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"அது ஆளைத் தேடிக் காட்டாதும்மா. காமிரா முன்னாடி நிக்கிறவங்கதான் தெரிவாங்க."

அதுவரை அவர் வருவார் என்று தினமும் தலையில் பூ வைத்துக் காத்திருந்தவள், மறுநாள் வைக்கவில்லை. அந்த ஒயர்லெஸ்காரர் பொய் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். உண்மையைச் சொன்னதற்கும் அடிக்கத்தான் தோன்றுகிறது.