காதலிக்கு வைத்த அண்ணன் சீர்

திருப்பூர் மண்ணரையில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் செக்கிங் மேஜை மேல் ஒருநாள் ஒரு சீர்த்தட்டு இருந்தது. எவர்சில்வர் தட்டு. தேங்காய், வாழைப்பழம், மஞ்சள், குங்குமம், ஒரு டஜன் கண்ணாடி வளையல், மடித்த பருத்திப் புடவை, அதன் மேல் இரண்டு முழம் மல்லிகை. கப்பலுக்குப் போகவேண்டிய டி-சர்ட்டுகளுக்கு நடுவே அதைப் பார்த்தவர்கள் கம்பெனியில் யாருக்கோ வளைகாப்பு என்றுதான் நினைத்திருப்பார்கள். செக்கிங் அக்கா தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, இது ஆருக்குங்க?”

பாங்காக்கிலிருந்து வந்திருக்கும் இன்ஸ்பெக்டர் பெண்ணுக்கு என்றேன். அவள் நாளை ஊருக்குப் போகிறாள், பண்டிகைப் பரிசு என்றேன். அக்கா கையிலிருந்த டி-சர்ட்டை மேஜையில் போட்டார்.

“காதலிக்கற பொண்ணுக்கு அண்ணன் சீர் வெக்கற ஆம்பளைய இப்பத்தானுங்க பாக்கறேன்.”

இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது. ஆனால் அன்று அவர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் என் வாழ்க்கை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. அவருக்கு நான் பட்ட கடனை இந்தப் பக்கங்களில் தீர்க்க முடியாது, சொல்லவாவது செய்யலாம்.

தைத்து முடித்த துணி பெட்டிக்குள் போவதற்கு முன் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் பிரிவுக்கு அக்காதான் பொறுப்பு. தையல் விட்டிருந்தாலும் எண்ணெய்க் கறை இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். ஊத்துக்குளியிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர், என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். அவருடைய பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. முதலாளி உட்பட எல்லாருக்கும் அவர் செக்கிங் அக்கா. பனியன் கம்பெனியில் அக்கா என்பது உறவுமுறை இல்லை, கிட்டத்தட்ட ஒரு பதவி. அவரும் பதவிக்குத் தக்கபடி, எங்களிடம் ‘ங்க’ போடாமல் ஒரு வாக்கியம் பேசமாட்டார். திட்டும்போது இன்னும் ஒரு ‘ங்க’ கூடுதலாக விழும்.

அந்தப் பெண், எங்களுக்கு ஆர்டர் தரும் வெளிநாட்டுக் கம்பெனியின் பாங்காக் ஆபீசிலிருந்து தரம் பார்க்க வந்தவள். முதல் நாளே செக்கிங் பெண்களை மயக்கிவிட்டாள். எதைக் காட்டினாலும் ‘ஓகேக்கா’ என்றாள். டீ கொடுத்தால் ‘தேங்க்யூக்கா’ என்றாள். இதற்கு முன் வந்த எந்த இன்ஸ்பெக்டர் இப்படி வாய் நிறைய அக்கா போட்டுப் பேசியிருக்கிறார்? நான்காம் நாள், மீசையை முறுக்கிவிட்ட எங்கள் மேனேஜரைப் பார்த்தும் ‘நோ பிராப்ளம்க்கா’ என்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அது அக்கா இல்லை. அவர்கள் நாட்டில் பெண்கள் பேச்சை மரியாதையாக முடிக்க ‘க்கா’ என்பார்களாம், நாம் ‘ங்க’ போடுவது போல. அக்காவுக்கு இதில் ஏமாற்றமே இல்லை. “அப்பச் செரிங்க, நம்மூருப் பொண்ணுதானுங்க” என்றார். ஒரே மாதத்தில் அவளுக்கு ‘ஆமாங்க’, ‘இல்லீங்க’ இரண்டும் சரளமாக வந்தன.

நான் மெர்ச்சண்டைசர். ஆர்டர் வந்தது முதல் சரக்குக் கப்பல் ஏறும்வரை அதன் பின்னாலேயே ஓடுகிற வேலை. அதனால் அவளோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. வேலை முடிந்த பிறகும் பேச ஏதாவது மிச்சம் இருந்ததைக் கவனித்தபோதுதான் இது வேறு என்று எனக்குத் தெரிந்தது. மதியம் இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். தயிர்சாதத்தில் மிளகாய்ப் பொடியைக் கொட்டிக்கொண்டு அவள் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமுருகன்பூண்டி சிற்பப் பட்டறைகளைப் பார்க்க அழைத்துப் போனேன். பாதி செதுக்கிய பிள்ளையாரைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினாள். சிற்பி, “இன்னும் கண்ணு தொறக்கலீங்கம்மா” என்று சிரித்தார். தங்கள் வீட்டிலும் பிள்ளையார் இருக்கிறார் என்று திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். இருவருக்கும் தெரிந்திருந்தது, ஆனால் இருவரும் சொல்லவில்லை. எங்களுக்காகக் கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான் அவர்களுக்கும் புத்தாண்டு. அதற்கு அவள் ஊருக்குப் போவதாக இருந்தாள். அதில் ஒரு சிக்கலும் இருந்தது. திருப்பூரிலேயே தொடர்வதா, வியட்நாமில் இருக்கும் தொழிற்சாலைகளுக்கு மாறுவதா என்று லீவு முடிவதற்குள் சொல்லச் சொல்லி அவள் ஆபீசில் கேட்டிருந்தார்கள். போகும் முன் நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். வாயால் சொல்லும் ஆள் நான் இல்லை. எனவே ஒரு பரிசு சொல்லட்டும் என்று முடிவு செய்தேன்.

என்ன பரிசு என்பதில் மூன்று வாரம் போனது. நகை வாங்கினால் நிச்சயதார்த்தம் போல ஆகிவிடும். பூண்டியிலிருந்து பிள்ளையார் வாங்கினால் விமானத்தில் அவளை இறக்கிவிட்டு அவரை ஏற்ற வேண்டியிருக்கும். அக்காவிடம் கேட்டால் ஊத்துக்குளி வெண்ணெய் என்றார். சொல்லிவிட்டு அவரே, “போய்ச் சேர்றதுக்குள்ள உருகீருமுங்க” என்று வாபஸ் வாங்கினார். கடைசியில் ஒரு கவுன் தைத்துக் கொடுப்பது என்று ஆனது. திருப்பூர்க்காரன் துணி இன்ஸ்பெக்டருக்குத் துணி கொடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை என்று தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே நல்ல விஷயம் அதுதான்.

நிறத்தில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர்கள் நாட்டில் பிறந்த கிழமைக்கு ஒரு நிறம் உண்டு. தான் வெள்ளிக்கிழமை பிறந்தவள், அதனால் வானநீலம் தன் நிறம் என்று ஒருமுறை சொல்லியிருந்தாள். நீலத்தில்தான் எத்தனை நீலம்! எங்கள் தொழிலில் சாயப் பட்டறையிலிருந்து ஒரு நிறத்துக்கு மூன்று சாயலில், ஏ, பி, சி என்று சிறு துணித் துண்டுகள் வரும். லேப் டிப் என்போம். ஆர்டர் கொடுத்தவர்கள் ஒன்றைத் தேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் துணி சாயத்துக்குப் போகும். நான் பட்டறையில் மூன்று நீலங்களைச் சாயம் போட்டு வாங்கி, மற்ற அட்டைகளோடு அதையும் சேர்த்து அவளிடமே நீட்டினேன். நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்து, ‘பி’ மேல் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த அட்டைக்குப் போய்விட்டாள். அளவை அக்கா கண்ணாலேயே எடுத்தார். “மீடியமுங்க. தோளு மட்டும் அரை இஞ்சு கொறைச்சுக்குங்க” என்றார். தைத்து வந்ததும் அவரே மூன்று முறை பார்த்துப் பாஸ் பண்ணினார்.

சரியாக அந்த வாரம்தான் அவள் என்னைக் கூப்பிடும் சொல்லை மாற்றினாள். அதுவரை மற்றவர்களைப் போல ‘சார்’. திடீரென்று ஒரு நாள் கூடத்தின் மறுகோடியிலிருந்து, நாற்பது பெண்கள் கேட்க, “பீ!” என்று கூப்பிட்டாள். தமிழில் அந்த ஒற்றையெழுத்துக்கு என்ன பொருள் என்று நான் எழுதத் தேவையில்லை. சிரித்த சிரிப்பில் தையல் பிரிவில் இருந்தவர்கள்கூட மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். சிரிப்போடு விட்டிருக்கலாம். கைப்பேசியில் அதற்குப் பொருள் தேடியதுதான் வினையாகப் போனது. ‘பீ’ என்றால் உடன்பிறந்த மூத்தவர், அண்ணன் அல்லது அக்கா என்று போட்டிருந்தது.

தமிழ்ப் பையனாகப் பிறந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? ஒரு பெண் ‘அண்ணா’ என்றுவிட்டால் அத்தோடு கதை முடிந்தது. ராக்கிக் கயிற்றுக்குப் பயந்து கல்லூரிக்கு லீவு போட்ட தலைமுறை நாங்கள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நீலக் கவுனை அலுவலக அலமாரியின் அடித்தட்டில் தள்ளினேன். அதோடு விட்டேனா? அவள் மனதில் களங்கம் இல்லை, நாமும் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டும், அண்ணன் முறைக்குச் செய்ய வேண்டியதைச் செய்து வழியனுப்புவோம் என்று ஒரு தியாகி எனக்குள் எழுந்து நின்றான். அந்தத் தியாகி கடைவீதிக்குப் போய் வாங்கி வந்ததுதான் அந்தத் தட்டு.

இத்தனையையும் அக்காவிடம் சொல்லி முடித்தேன். “அண்ணன்னு கூப்புட்டுட்டாங்கக்கா” என்றேன், தட்டிலிருந்த தேங்காயைப் பார்த்துக்கொண்டே. அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

“எங்கூட்டுக்காரர நானு மாமான்னுதானுங்க கூப்புடறேன், பதினெட்டு வருசமா. அவரு எனக்குத் தாய்மாமனாங்க? கண்ணாலத்துக்கு முன்னால அவரு ஆருன்னே தெரியாதுங்க. கூப்புடற பேருக்கெல்லாம் போன்ல அர்த்தம் பாத்துட்டிருந்தா ஊருல ஒரு குடும்பம் நிக்குமாங்க? போய் அந்தப் புள்ளையவே கேளுங்க.”

“எப்படிங்கக்கா கேக்கறது?”

“நானே கேக்கறனுங்க. நீங்க தேங்காயப் புடிச்சுட்டு நில்லுங்க.”

அவள் நான்காவது மேஜையில் கடைசி இன்ஸ்பெக்ஷனில் இருந்தாள். “கண்ணு, இங்க வா சாமி” என்று அக்கா கூப்பிட்டதும் கழுத்தில் அளவு நாடாவோடு வந்தாள். அக்கா என்னைக் காட்டினார். “இவரு பீ. செரி. அப்ப நீயி? சிஸ்டரா?”

அவள் தட்டைப் பார்த்தாள். வளையலைப் பார்த்தாள். பிறகு என் மூஞ்சியைப் பார்த்தாள், அதில் எல்லாமே எழுதியிருந்திருக்க வேண்டும். அவள் முகம் சிவந்துவிட்டது.

“இல்லீங்க” என்றாள். “சிஸ்டர் இல்லீங்க!”

அதற்கு மேல் அவளுடைய தமிழ் போதவில்லை. உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுடைய அம்மா, அப்பாவை முப்பது வருடமாக ‘பீ’ என்றுதான் கூப்பிடுகிறாராம். மனதுக்குப் பிடித்தவன் மூத்தவனாக இருந்தால் அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்களாம். ‘சார்’ என்பது ரொம்பத் தூரத்தில் நின்று கூப்பிடுவது போல் இருந்ததாம். பக்கத்தில் வரலாமா என்று பயந்து பயந்து ஒரு வாரம் யோசித்துத்தான் மாற்றினாளாம். அவள் என்னை நோக்கி எடுத்து வைத்த அடியைப் பார்த்து நான் இரண்டு நாள் பட்டினி கிடந்திருக்கிறேன். கூடம் முழுக்க ஓவென்று கத்தியது. அக்கா என்னிடம், “நின்னுட்டே இருக்கறீங்களே, அந்த நீலத்த எடுத்துட்டு வாங்க!” என்றார். ஓடினேன்.

பரிசைப் பிரித்ததும் பெண்கள் நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்கள் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். இவள் கவுனை உள்வெளியாகத் திருப்பித் தையலைப் பார்த்தாள். நாடாவை எடுத்துத் தோளை அளந்தாள். இழுத்துப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிறத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

“லேப் டிப் பி” என்றாள். “ஐ அப்ரூவ்.”

அந்த நீலத்துக்கு ஏன் ஆர்டரே வரவில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, அக்காவின் மேஜையிலிருந்து ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை உரித்து என் சட்டைப் பையில் ஒட்டினாள். செக்கிங் பிரிவில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: குறை இங்கே இருக்கிறது, சரி செய். அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். சீர்த்தட்டையும் அவள் விடவில்லை. புடவை, வளையல் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக்கொண்டு மறுநாள் விமானம் ஏறினாள். வியட்நாம் வேண்டாம் என்று பண்டிகை முடிவதற்குள் ஆபீசுக்கு எழுதிவிட்டாள்.

அடுத்த வருடம் கல்யாணம், அவள் அம்மா வீட்டில். எங்கள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. வேறு நாடு, வேறு மொழி, எதைச் சொல்லியும் அப்பா இறங்கி வரவில்லை. இப்போது பேத்தியோடு உட்கார்ந்து அவள் அம்மாவின் மொழியில் ஒன்று, இரண்டு எண்ணப் பழகுகிறார். அன்று வரவில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையோடு கூட இருந்து சகோதரி செய்கிற சீர் உண்டு. எனக்கு உடன்பிறந்தவர்களும் கிடையாது. செக்கிங் அக்கா மட்டும் புதிதாகப் பாஸ்போர்ட் எடுத்து, வானத்தில் இருந்த நேரம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு, வந்து சேர்ந்தார்.

அங்கே மணமக்கள் கைகூப்பி முன்னால் நீட்டி உட்கார, உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து சங்கிலிருந்து கைகளில் நீர் வார்த்து வாழ்த்துவார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரிசைக்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். இவர் யார் என்று மாமியார் கேட்டார். எங்கள் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு என்று நான் விளக்க ஆரம்பித்தேன். என் மனைவி குறுக்கே புகுந்து தன் மொழியில் ‘பீ’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். உடனே அவருக்கு முதல் வரிசையில் இடம் விட்டார்கள்.

அக்கா வந்தார். ஒரு நாளைக்கு ஆயிரம் துணி புரட்டுகிற கை அன்று சங்கை ஒரேயடியாகக் கவிழ்த்துவிட்டது. தண்ணீர் என் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடியது. குனிந்து என் காதருகே சொன்னார்:

“நல்லாயிருடா தம்பி.”

நிமிர்ந்து பார்த்தேன். எல்லார் முன்னாலும் அழுதுகொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் பழையபடி ‘ஏனுங்க தம்பி’தான். இன்று வரைக்கும் அப்படித்தான். நாற்பது பேர் முன்னால் மரியாதை வேண்டாமா? ஆனால் ‘ங்க’ இல்லாத அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகு, உடன்பிறந்தவர்கள் யாருமில்லை என்று எந்தப் படிவத்திலும் எழுத எனக்குக் கை வரவில்லை.