ஒரு வளவுக்கு ஓர் அட்டை

தெரிந்தே செய்தேன். கணினி பிழை விட்டது என்று இத்தனை காலம் நான் சொன்னது பொய்!

உச்சுக் கொட்டாதீர்கள். உங்கள் இரக்கம் எனக்கு வேண்டாம். சண்டைக் காலம், யாருக்குத்தான் பிழை வராது என்று தேற்ற வருபவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

புளியந்தீவில் ஒரு நிவாரண அலுவலகம். குடும்பத்துக்கு ஓர் அட்டை; அட்டைக்கு அரிசி, பருப்பு, கோதுமை மா. அட்டைகளைக் கணினியே பிரித்து அச்சிடுவதற்கான நிரலை எழுதும் வேலை எனக்கும் காத்தான்குடி நஸீருக்கும். கணினியைத் தொடும் முன் படிமுறைகளைச் சாதாரணத் தமிழில் கரும்பலகையில் எழுதி, எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பான் அவன். 'இப்படியானால் இதைச் செய், இல்லையேல் அதைச் செய்.' பள்ளிக்கூடம் நடத்துகிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று நான் எழுதினேன்: 'ஒரே வளவில், ஒரே வேலிக்குள், இரண்டு பதிவு இருந்தால், இரண்டாவதை நீக்கு.' ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் வரி... என் பெருமை!

நஸீர் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "இந்த வரி சரிவராது மச்சான். மகளுக்கு வீட்டக் குடுத்துட்டு உம்மா அதே வளவுக்குள்ளதானே கொட்டில் போட்டு இரிக்கா. அடுப்பு வேற, குடும்பம் வேற."

எனக்குத் தெரியாதா? மட்டக்களப்பில் பிறந்த எவனுக்குத் தெரியாது? ஆனால் அலுவலகப் பொறுப்பாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார்... எனக்கு அந்தச் சிரிப்பே போதுமாக இருந்தது. தலையாட்டிவிட்டுப் பலகையில் அந்த வரியை அழித்தேன். கணினியிலோ அதை அப்படியே தட்டச்சு செய்தேன்.

முதல் மாதமே பூமணி வந்தார். வாவிக்கு மீன்பிடிக்கப் போன கணவன் திரும்பவில்லை. வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு அதே வளவில் தனியே சமைத்துக்கொண்டிருந்தவர்.

"மகள்ட அட்டையில நானும் திண்டா, அவள்ட புள்ளைகள் என்னத்தத் தின்னும் தம்பி?"

கணினியின் முடிவு, நான் என்ன செய்ய என்று அனுப்பிவிட்டேன். நஸீர் கேட்டபோதும் அதையே சொன்னேன்: நான் திருத்திவிட்டேன், மிஷின்தான் பிழை விடுகிறது.

அட்டை கிடைக்காத பூமணி, சிந்திய நெற்கதிர் பொறுக்க வாவி கடந்து படுவான்கரை வயல்களுக்குப் போனார். அங்கே ஷெல் விழுந்தது. உடலைத் தோணியில் கொண்டுவந்தார்கள்.

இன்னும் போகவில்லையா நீங்கள்? அப்படியானால் இதையும் கேளுங்கள். அந்த நிரலில் ஒரேயொரு வளவுக்கு மட்டும் நானே விதிவிலக்கு எழுதியிருந்தேன். களுவாஞ்சிக்குடியில் என் அக்காவின் வளவு. அங்கே என் அம்மாவுக்குத் தனி அட்டை போனது.

அந்த அரிசியில் சோறாக்கிப் போட்டுக்கொண்டே அம்மா கேட்டார்: "எங்கட வளவுக்கு மட்டும் எப்பிடி மனே ரெண்டு அட்டை வந்தது?"

கணினி தந்தது என்றேன். இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தின்றேன்.