தியாகு அண்ணனின் டி டிரைவும் என் நாலு நம்பரும்

போன வாரம் மகளின் லேப்டாப்பில் இடம் போதவில்லை. அவள் தோசையைத் தின்றபடியே திரையில் ஒரு கோட்டைப் பிடித்து நகர்த்தினாள். சி டிரைவ் பெரிதாயிற்று, டி சிறிதாயிற்று. "அவ்ளோதான்ப்பா." சி-க்கும் டி-க்கும் நடுவில் இருக்கும் அந்தக் கோட்டை ஒரு காலத்தில் கடப்பாரை போடாத குறையாக இடித்தவன் நான்.

சிரிக்காதீர்கள். தொண்ணூறுகளில் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு வேன் ஓட்டினேன். அதற்கு முன்னால் காண்டிராக்டரிடம் சுவர் இடிக்கும் வேலை. பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் நாலு பெட்டியை இறக்கி வைத்ததும், பெட்டிக்குள் இருப்பதும் தெரியும் என்ற நினைப்பு வந்துவிட்டது.

அதை நம்பிய ஒரே மனிதர் டத்தோ கிராமாட் சாலையில் குடியிருந்த தியாகு அண்ணன். வக்கீல் ஆபீஸில் கிளார்க், யாழ்ப்பாணத்துக் குடும்பம். அங்கிருந்து பினாங்குக்குக் கப்பலேறி வந்தவர்களின் கதையை மூன்று வருடம் வீடு வீடாகக் கேட்டு, செங்கல் கனத்தில் இருந்த ஒரு லேப்டாப்பில் தட்டி வைத்திருந்தார். சொன்னவர்களில் பாதிப் பேர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"தம்பி, சி-ல இடமில்லையாம். டி-ல நெறைய இருக்கு. கொஞ்சம் பாரேன் லா."

"நடுவுல சுவரு இருக்குண்ணே. இடிச்சா ஒரே ஹாலு!"

கடையிலிருந்து கொண்டுபோன ஃப்ளாப்பியைப் போட்டேன். கறுப்புத் திரையில் ஆங்கிலமாகக் கொட்டியது. நடுவில் டி-யின் அளவு: 1219. பினாங்குக்காரன் கண்ணில் நாலு இலக்கம் பட்டால் கை சும்மா இருக்குமா? மோதின காரின் நம்பரையே நாலு நம்பர் லாட்டரிக் கடைக்குக் கொண்டு ஓடுகிற ஊர். சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதிப் பையில் போட்டுக்கொண்டேன். அப்புறம் சி-யை விட்டுவிட்டு மிச்சத்தை எல்லாம் இடித்தேன். என்னவோ எச்சரித்தது. கடைசியில் நிச்சயமா என்று கேட்டது. ஒய் அமுக்கினால் ஆமாம் என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும். அந்த ஓர் எழுத்துப் படிப்புதான் வினை.

ஹால் பெரிதாகவில்லை. டி-யைக் காணோம்.

அண்ணன் திட்டியிருந்தால் தேவலை. "எல்லாம் போச்சா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அவரையும் லேப்டாப்பையும் வேனில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஃப்ளாட்டுக்கு ஓடினேன். கீழ்வீட்டுப் பிலோமினா அக்கா கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவு. தினமும் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறிப் போவார். அன்று ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து வந்து மீன் அரிந்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"சுவர இடிச்சியா? ஒன் மண்டையில்ல இடிச்சிருக்கணும்!"

கையைக் கழுவிவிட்டு வந்து லேப்டாப்பில் காதை வைத்தார். பிள்ளைக்கு நெஞ்சுச் சளி பார்ப்பதுபோல் கண்ணை மூடிக் கேட்டார்.

"டிஸ்க்கு நல்லாத்தான் ஓடுது. ஃபார்மட் பண்ணியா?"

"அது எப்புடின்னு தெரியாதுக்கா."

"தெரியாததே நல்லதாப் போச்சு." அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணே, பொருளெல்லாம் உள்ளதான் இருக்கு. எது எங்கன்னு எழுதி வச்ச சீட்டத்தான் இவன் கிழிச்சிட்டான். டி எத்தன எம்பி? அதே அளவு போட்டாத்தான் திரும்பும்."

அண்ணனுக்குத் தெரியவில்லை. நான் மெதுவாகச் சிகரெட் அட்டையை நீட்டினேன்.

"இத எதுக்குடா எழுதி வச்ச?"

"நாலு நம்பர் எடுக்கக்கா..."

அக்கா சிரித்த சிரிப்பில் மீனுக்காகச் சுற்றிக்கொண்டிருந்த பூனை ஓடியே போனது.

பிறகு அந்தச் சிரிப்பு முகத்திலேயே இல்லை. தன் ஃப்ளாப்பியைப் போட்டு, என் அட்டையை மேசையில் வைத்துக்கொண்டு, புத்தகம் பார்க்காமல், எண்ணும் எழுத்தும் கலந்து வரிசையாகத் தட்டினார். கடைக்கு வரும் டை கட்டின இன்ஜினியர்களிடம்கூட அந்த நிதானத்தை நான் பார்த்ததில்லை. அணைத்துத் திரும்பப் போட்டார். கிர்ர்... கிர்ர்... டி திறந்தது.

அண்ணன் முதலில் கண்ணில் பட்டதைச் சத்தமாகப் படித்தார். போன வருடம் செத்துப்போன ஒரு மாமி, கப்பலில் ஊறுகாய் ஜாடி உடைந்ததற்கு அழுத கதை. பாதியில் நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"மொதல்ல காப்பி எடுங்கண்ணே," என்று அக்கா மீனுக்குத் திரும்பினார். "இவன் கையில மட்டும் குடுத்துராதீங்க லா."

அந்தத் தொழிற்சாலை மூடியாகிவிட்டது. அக்கா தன் மகளோடு கிள்ளானுக்குப் போனார், அவரை ஏற்றிப்போன பழைய ஃபெரியும் இல்லை. போன வாரம் என் மகள் தோசை தின்று கை கழுவப் போனதும் அவள் லேப்டாப்பில் நானும் காதை வைத்துப் பார்த்தேன். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

1219-ஐ இன்னமும் எடுக்கிறேன். ஒரு தடவைகூட விழுந்ததில்லை. அது விழுந்தது அக்கா வீட்டு மேசையில், அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.